நாற்பத்தோராம் ஏட்டின் ஓரம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீங்களும் மகளும் மருமகனும் நலம்தானே? என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட வேண்டாம். இது நல்ல செய்திதான்.

எங்கள் நூலகத்துக்குப் படமெடுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பழைய மதநூல்களின் கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் ஏடு ஏடாகப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றப்போகிறார்கள். தொட்டில் மாதிரி ஒரு தாங்கி இருக்கிறது. புத்தகத்தை அதில் பாதி திறந்தபடி படுக்க வைத்து, மேலே கண்ணாடியை இறக்கி, காலால் ஒரு மிதி மிதித்தால் இரண்டு கேமராக்களும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டும். எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறவரும் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதலில் ஏறப்போவது எது தெரியுமா? நம் வீட்டுத் துதிப் புத்தகம். கொள்ளுத்தாத்தா கையால் எழுதி, அப்பா பிரார்த்தனைக் கூடத்தில் ஆயுள் முழுக்க வைத்து ஓதிய அதே புத்தகம்.

பழுதுபார்க்கும் பிரிவில் இப்போது நான்தான் தலைமை. எனக்குக் கீழே நான்கு பேர். ஆனாலும் இதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. தூசி தட்டியது, கிழிசல் ஒட்டியது எல்லாம் என் கைதான். ஒரு அழுக்கு இல்லை. அப்பாவே வந்து பார்த்தாலும் வேறு யாருடைய புத்தகமோ என்று நினைப்பார்.

வந்து பாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மகள் வீட்டில் கேஸ் அடுப்பு. சாம்பல் விழுந்து அடைத்துக்கொண்டால் அவள் என்னைத்தான் திட்டுவாள். அதனால் படித்தேன்.

நீங்கள், நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். என் இடுப்பை நனைத்து வளர்ந்தவன் நீ. பெரிய லைப்ரரியில் தலைமையாகிவிட்டால் அக்காவும் மேலதிகாரி ஆகிவிடுவாளா?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணல் இல்லை. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது நீ பார்க்க வந்தாய். வந்த நேரமெல்லாம் வாட்சைப் பார்த்தாய். இவனுக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்பது எனக்கு எப்படித் தெரியும்? நேரே வீட்டுக்குப் போய், புத்தகம் இருந்த அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். உன் வீட்டுக்காரி முன் சீட்டில் உட்கார்ந்தபடி, "பழைய காகிதத்துக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்றாளாம். பக்கத்து வீட்டுத் தையல்காரி கேட்டுவிட்டு வந்து சொன்னாள். தையல்காரி செத்துப்போனாள். சொல் சாகவில்லை.

பதினோரு வருஷம் நான் ஏன் அந்தப் புத்தகத்துக்காக வாயைத் திறக்கவில்லை என்று நீ யோசித்திருக்க மாட்டாய். உன்னிடம் கேட்பதா என்ற வீம்புதான். பத்திரமாகத்தானே இருக்கிறது, இரும்பு அலமாரியில், பூட்டுப் போட்டு என்று ஒரு தைரியம்.

இப்போது கேட்கிறேன். புத்தகம் வேண்டாம். ஒரே ஒரு ஏடு. நாற்பத்தோராவது.

உனக்கு வண்டு ஞாபகம் இருக்கிறதா? நீ விடுதியில் படித்தபோது லீவுக்கு வந்தால் உன் முதுகை விட்டு இறங்க மாட்டானே, என் பிள்ளை. அவனுக்கு நாலு வயது நடந்தபோது ஒரு நாள், ஈரம் ஏறிவிட்டது என்று அப்பா அந்தப் புத்தகத்தை வெயிலில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் கூடத்து அறிவிப்புப் பலகை எழுத நீல மைப் பொடியைக் கிண்ணத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார். வண்டு கிண்ணத்தில் கையை முக்கி ஏட்டின் ஓரத்தில் வைத்து அழுத்திவிட்டான். எழுத்தின் மேல்கூடப் படவில்லை. "தாத்தா, நானும் எழுதிட்டேன்" என்று கூப்பிட்டுக் காட்டினான்.

அப்பா அவனை அறைந்தார். நாலு வயதுப் பிள்ளையை, துதிப் புத்தகம் பிரிக்கிற கையால். அதோடு விட்டாரா? பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்து ஏட்டைச் சுரண்டப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் ஆயுளில் அவரை எதிர்த்தது அந்த ஒரு தடவைதான். "சுரண்டுனீங்கன்னா இப்பவே இவனைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றேன். கத்தியை மடக்கி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. விடுதிக்கு அப்பா எழுதிய கடிதத்தில் காய்ச்சல் என்று மட்டும்தான் எழுதியிருப்பார். வண்டுவைப் படம் எடுக்க ஸ்டூடியோக்காரனைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். பிள்ளை வியாழக்கிழமையே போய்விட்டான். ஸ்டூடியோக்காரன் விஷயம் தெரியாமல் கேமராவோடு வந்து வாசலில் நின்றான். புதைத்த இடத்தில் இப்போது பஸ் டெப்போ. அவன் சட்டைகளைக் காய்ச்சல் ஒட்டும் என்று அப்பாதான் எரித்தார்.

அந்தக் கைதான் மிச்சம். அப்பா மத்தியானம் தூங்கும்போது ஏட்டைத் திறந்து அதன் மேல் என் கையை வைத்துக்கொள்வேன். யாருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், அதுவும் வேறு வழியில்லாமல்.

உன் மெஷினில் அந்த ஏட்டைப் படம்பிடித்து, தாளில் போட்டு அனுப்பு. போதும். நமக்குள் இருக்கிற பகை அப்படியே இருக்கட்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு அழுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாயே, எந்த அழுக்கு?

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே இயந்திரத்தில் சின்னக் கோளாறு. மிதியை மிதித்தால் இடது கேமரா மட்டும் வேலை செய்கிறது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு வண்ண அட்டையை வைத்து எடுக்க வேண்டும், நிறம் மாறாமல் இருக்கத்தான். அந்த அட்டையும் ஒத்துவரவில்லை. பழுது பார்க்கிறவர் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழுகிறது என்று கறுப்புத் துணி வேறு கட்டச் சொல்கிறார்கள். அதற்கு ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நான் கேட்டது என் பிள்ளையின் கையை. நீ எழுதி அனுப்பியது மெஷினின் உடல்நிலை.

சின்ன வயதில் அம்மாவின் கண்ணாடியை உடைத்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு மழை வருமா" என்று கேட்டபடி வந்தவன் நீ. உனக்குப் பொய் சொல்ல வராது. பேச்சை மாற்ற வரும். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மகளை விட்டுப் போன் போட்டேன். உன் வீட்டுக்காரி எடுத்து, குளிக்கிறார் என்றாள். மறுநாளும் குளிக்கிறார். நேற்றும் குளிக்கிறார். ஒரு மனுஷன் இத்தனை குளியல் குளித்தால் தோல் மிஞ்சுமா?

நான் வீட்டு வேலை ஒன்றும் செய்வதில்லை. தபால்காரன் சைக்கிள் மணிக்குக் காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மருமகன், "அத்தை யாருக்கோ லவ் லெட்டர் எதிர்பார்க்கிறாங்க" என்று கேலி செய்கிறான். சிரித்து வைக்கிறேன்.

கை இருக்கிறதா இல்லையா? ஒரு வார்த்தை எழுது.


மார்ச் 11

அக்கா,

இல்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நிறுத்தினால் நீ என்னை இன்னும் கொஞ்சம் மதிப்பாய். ஆனால் எப்படி நடந்தது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் நீயாக ஒன்றை யோசித்துக்கொண்டிருப்பாய்.

எங்கள் பிரிவில் ஒரு சட்டம் இருக்கிறது. எழுத்தை மறைக்காத கறையைத் தொடக் கூடாது. மெழுகோ எண்ணெயோ பூச்சி அரித்ததோ, எப்படி இருக்கிறதோ அப்படியே படம் எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தைப் பாடமாகச் சொல்லித்தருகிறவன் நான். நம் புத்தகம் என் ஆட்களில் யார் கைக்குப் போயிருந்தாலும் வண்டுவின் கை இருந்திருக்கும். போன மாதம் ஒருவன் ஒரு மெழுகுச் சொட்டைச் சுரண்டினான் என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன்.

அப்பா கடைசியில் என்னிடம்தானே இருந்தார். வாய் குழறத் தொடங்கிய பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புத்தகத்துல ஒரு ஏட்டு ஓரம் நீலமாக் கிடக்கு. அதை மட்டும் சுத்தம் பண்ணிடுடா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. வயதானவர் சொத்தை எழுதி வைக்காமல் கறையை எழுதி வைக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

பெட்டியை நான் அவசரமாக எடுத்துக்கொண்டு வந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் கொண்டுவந்த பிறகு வேலை வேலை என்று தள்ளிப்போட்டேன். இயந்திரம் வருகிறது என்றதும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. உலகம் முழுக்கப் பார்க்கப்போகிறது, அப்பாவின் புத்தகம் கறையோடு போகக் கூடாது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கொள்ளுத்தாத்தாவின் மை இரும்பு மாதிரி, அசையாது. நீலம் கடை மை. ஈரப் பஞ்சு பட்டதும் வந்துவிட்டது.

அது கை என்று எனக்குத் தெரியவில்லையா என்று கேட்பாய். தெரிந்தது. சின்னக் கை என்று தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை, எந்தக் காலத்திலோ என்று நினைத்தேன். விரல்களைத்தான் முதலில் துடைத்தேன்.

சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. செய்யக் கூடாததைச் செய்கிறவன் அதற்குப் படமா எடுத்து வைப்பான்?

தம்பி


மார்ச் 20

அப்பா கத்தியால் முடிக்காமல் விட்டதை நீ பஞ்சால் முடித்துவிட்டாய்.

சாகிற நேரத்தில்கூட அவருக்கு அது ஏட்டு ஓரம். பிள்ளை பேர் வாயில் வரவில்லை பார்.

எனக்கு இனிமேல் எழுதாதே.


ஏப்ரல் 6

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

கண்ணுக்குத் தெரியாத மையைக் காட்டும் விளக்கு ஒன்று இருக்கிறது. ஊதா வெளிச்சம். எங்களிடம் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தேன். எதற்கு என்று மேலதிகாரி கேட்டார். நான் செய்ததைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பழுதுபார்க்கும் பிரிவுக்கு இப்போது வேறொருவர் தலைமை. எனக்கு ஒரு மூலையில் மேஜை போட்டிருக்கிறார்கள். உன்னிடம் பரிதாபம் வாங்க இதை எழுதவில்லை. விளக்கு எப்படி வந்தது என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டார்கள். அந்த அம்மா ஏட்டைக் குனிந்து பார்த்தார். வட்ட வட்டமாக என்னவோ மின்னியது. விரல் நுனியா என்று கேட்டேன். அவர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அப்புறம், "இது பஞ்சு போன தடம் சார். தண்ணி காஞ்ச கோடு. ரொம்பப் பொறுமையா, நல்லா துடைச்சிருக்காங்க" என்றார். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

அந்த விளக்கில் தெரிந்தது என் கை மட்டும்தான்.

அப்பாவைப் பற்றி ஒன்று. அவர் அந்த ஏட்டைப் பார்க்கவே முடியாமல்தான் அப்படிக் கேட்டாரோ என்று தோன்றுகிறது. அறைந்த கை அல்லவா? கூடத்தில் ஓதும்போது நாற்பதாவது ஏடு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொல்வார். பக்தி என்று ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தம்பி


ஏப்ரல் 27

அக்கா,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இது கடைசி.

படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. ஒவ்வொரு ஏட்டின் கீழும் குறிப்பு எழுத ஓர் இடம் விடுகிறார்கள். இங்கே கிழிசல், இங்கே பூச்சி அரித்தது, இங்கே பின்னால் வந்தவர் எழுதியது என்று அதில் இருக்கும். நாற்பத்தோராம் ஏட்டின் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று புதிய தலைமையிடம் போய் நின்றேன். சான்று இல்லாமல் முடியாது என்றார். தினமும் போய் நின்றேன். கடைசியில், பார்த்தவர் எழுதித் தந்தால் சேர்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பார்த்தவர்களில் அப்பா இப்போது உயிரோடு இல்லை. நான் பார்த்தது சரியாகப் பார்த்ததில் சேராது. ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு பார்த்தவன் எதைப் பார்த்திருப்பான்? நீதான் இருக்கிறாய்.

அவர்கள் எழுதும் முறையில் எழுத வேண்டும். எந்தக் கை, வலதா இடதா. விரல் நுனிகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன. கீழ் மூலையிலிருந்து எவ்வளவு உயரம். இவ்வளவுதான். நம் வீட்டில் எவர் எந்த நாளில் என்ன சொன்னார் என்பதை நீ மறந்ததே இல்லை. உனக்கு இது பெரிய விஷயமில்லை.

எழுதி அனுப்பினால், அந்தப் படம் இருக்கிற வரைக்கும் அதன் கீழே அவன் இருப்பான். பெயர் போட முடியாதாம். 'நான்கு வயதுக் குழந்தையின் கை' என்று போடுவார்கள்.

தம்பி


மே 15

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன். வலது கை என்று எழுதினேன். எழுதிவிட்டு, சரிதானா என்று ஒரு தடவை மனதில் பார்த்தேன்.

வீட்டில் எல்லோரும் வெளியே போன பிறகு மகளின் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தாளை விரித்தேன். அதுதான் ஏடு என்று வைத்துக்கொண்டு வலது கையை ஓரத்தில் வைத்தேன். வலதுதான் என்று பட்டது. எடுத்துவிட்டு இடது கையை வைத்தேன். இடதுதான் என்று பட்டது. பெருவிரல் எழுத்துப் பக்கம் இருந்ததா, வெளி ஓரத்துப் பக்கம் இருந்ததா? அவன் கிண்ணத்தை எந்தக் கையால் பிடித்திருந்தான்? சாப்பிடும்போது எந்தக் கை? அதையும் யோசித்தேன். மறுநாளும் வைத்துப் பார்த்தேன். அதற்கு மறுநாளும்.

அப்பா அறைந்தது தெரியும். எந்தக் கன்னம் என்று தெரியும். கத்திப் பிடியில் ஒரு பித்தளை ஆணி தளர்ந்திருந்தது தெரியும். ஸ்டூடியோக்காரன் போட்டிருந்த செருப்பு தெரியும். உன் வீட்டுக்காரி வேனில் கட்டியிருந்த புடவையைத் தையல்காரி சொன்னாள், அதுகூடத் தெரியும். அவன் கையை மட்டும் நான் மனதில் வைக்கவே இல்லை. எதற்கு வைக்க வேண்டும்? புத்தகத்தில்தான் இருந்ததே. போய்த் திறந்தால் தெரியும். அது உன்னிடம் போன பிறகும் உன் அலமாரியில் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். உன்னைத் திட்டுவதற்கு வேண்டியதை எல்லாம் பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

நேற்று மகள் தன் போனில் அந்த ஏட்டை எடுத்துக் காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் காட்டினாள். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினாள். காகிதத்தின் நார்கூடத் தெரிந்தது. "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காரு பாரும்மா மாமா" என்றாள். ஆமாம் என்றேன்.

உன் புதுத் தலைமையிடம் சொல்லிவிடு. அந்த இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். நான் ஒரு கையைச் சொல்லி, அவர்களும் எழுதி, அது மற்றக் கையாக இருந்துவிட்டால், அங்கே இருக்கப்போவது வேறு யார் பெற்ற பிள்ளையோ.

அக்கா